இலை போனாலும் கிழங்கு இருக்கும்

இங்கிலாந்தின் தென்கிழக்கில் உள்ள கிரேட் டிக்ஸ்டர் தோட்டத்தில், 1993-இல் பழைய ரோஜாச் செடிகளை அகற்றிவிட்டு, அங்கே வாழையும் கல்வாழையும் டேலியாவும் நட்டார் அதன் உரிமையாளரான தோட்டக்கலை எழுத்தாளர் கிறிஸ்டோபர் லாயிட். ரோஜாப் பிரியர்கள் பலர் முகம் சுளித்தார்கள். குளிர் நாட்டுத் திறந்தவெளியில் வெப்பமண்டலச் செடி வளர்ப்பது இயற்கையோடு மல்லுக்கு நிற்கும் வீம்பு என்ற பேச்சு இன்றும் உண்டு. செடியின் உடலமைப்பைக் கவனித்தால் அந்தப் பேச்சு நிற்காது. இவற்றில் பல, காலம் கெட்டால் இலையைப் பறிகொடுத்துவிட்டு மண்ணுக்குள் பதுங்கிப் பிழைக்கக்கூடியவை. இலையைக் காக்கப் போராடுகிறவர்தான் தோற்கிறார். கிழங்கைக் காப்பவருக்கு அந்தக் கவலை இல்லை.

குளிர் இரண்டு விதமாகக் கொல்கிறது. முதல் விதம் உறைநிலைக்கு மேலேயே நடந்துவிடும். சுமார் 10, 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால், வெப்பமண்டலச் செடிகள் பலவற்றின் செல் சவ்வுக் கொழுப்பு மார்கழி மாதத் தேங்காய் எண்ணெயைப் போல இறுகுகிறது. சவ்வு கசிகிறது, இலை வாடிக் கறுக்கிறது. இரண்டாவது விதம் உறைபனி. செல்களுக்கு இடையே உருவாகும் பனிக்கட்டி உள்ளிருக்கும் நீரை வெளியே இழுக்க, செல் வறண்டு சாகிறது. ஆப்பிள் மரம் இலையுதிர்காலத்திலேயே செல்களில் சர்க்கரையைச் சேர்த்து, சவ்வின் கொழுப்பையும் மாற்றிக்கொண்டு இதற்குத் தயாராகிவிடும். வாழை இலைக்கு அந்தத் திறன் இல்லை. ஆனால் மண் கோடைச் சூட்டை மெதுவாகத்தான் இழக்கும். தென் இங்கிலாந்தில் காற்று உறைநிலைக்குப் பல டிகிரி கீழே போகும் இரவிலும், ஓர் அடி ஆழத்து மண் பெரும்பாலும் உறைவதில்லை. கிழங்கு இருப்பது அங்கேதான்.

ஜப்பானிய வாழை என்று பெயர் பெற்ற, உண்மையில் தென் சீனாவைச் சேர்ந்த மூசா பாஸ்ஜூ இதற்கு நல்ல சாட்சி. (ஜப்பானியக் கவிஞர் பாஷோ தன் குடிலருகே நின்ற இந்த வாழையிலிருந்துதான் புனைபெயரை எடுத்துக்கொண்டார்.) முதல் உறைபனியில் இலைகள் கறுத்துத் தொங்கியதும் அவற்றை வெட்டிவிடுவார்கள். தண்டைச் சுற்றிக் கம்பிவலைக் கூண்டு நிறுத்தி, உள்ளே வைக்கோலைத் திணித்து, அடியில் கனமாக மூடாக்கு போடுவார்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், கூண்டின் தலையில் மழை இறங்காதபடி போடும் மூடி. குளிரைத் தாங்கிய கிழங்குக் கட்டைகூட ஈரம் கோத்தால் அழுகிவிடும். பலர் பனியின் மேல் போடும் பழி உண்மையில் இந்த அழுகலுக்கு உரியது. தண்டு முழுதும் போனாலும் வசந்தத்தில் கட்டையிலிருந்து புதுக் குருத்து சுருண்டபடி மேலே வரும். ஜூன் மாதத்தில் லண்டனுக்குப் பகல் பதினாறு மணி நேரத்துக்கும் மேல்; அந்த வெளிச்சத்தில் இலைகள் மளமளவென்று விரிகின்றன.

வெப்பமண்டலம் என்ற முத்திரையை மட்டும் நம்பிச் செடி வாங்குவது ஏமாற்றத்தில் முடியும். டேலியா பிறந்த மெக்சிகோ வரைபடத்தில் வெப்ப நாடுதான். ஆனால் அதன் முன்னோர் வளர்ந்தவை குளிர்ந்த மலைச்சரிவுகள். பகல் குறுகக் குறுக அது கிழங்கில் சேமிக்கத் தொடங்கிவிடும். இலை கருகியதும் கிழங்கைத் தோண்டி உலர்ந்த இடத்தில் வைத்தால் அடுத்த ஆண்டுக்கு ஆயிற்று. சமவெளியின் ஈரக்காட்டில் பிறந்து, மண்ணுக்குள் சேமிப்பே இல்லாத செடிக்கு இந்த வழி இல்லை. அதைச் சூடேற்றிய கண்ணாடி வீட்டில் வைத்துக் காப்பது எரிபொருள் வீண் என்ற குற்றச்சாட்டை நானும் ஏற்கிறேன். வைக்கோல் கூண்டுக்கு அது பொருந்தாது.

பூமி சூடாகிவருகிறதே, இந்தப் பாடெல்லாம் எதற்கு என்பவர்கள் டிரெஸ்கோ தீவை நினைக்க வேண்டும். கார்ன்வாலுக்கு அப்பால், கடலின் இதத்தில் உறைபனியே அரிதான அந்தத் தீவின் அபே தோட்டத்தில், 1987 ஜனவரியின் கடுங்குளிர் பெரும்பகுதிச் செடிகளை அழித்தது. சராசரி எவ்வளவு உயர்ந்தாலும் கொல்வதற்கு ஒரு சில இரவுகள் போதும்.

மிக வலுவான ஆட்சேபம் வேறு. நன்றாகப் பிழைக்கும் செடி வேலி தாண்டிவிடாதா? தாண்டும். சுவிட்சர்லாந்தின் டிச்சினோ மாநிலக் காடுகளில், அழகுக்காக நட்ட சீன விசிறிப் பனையின் விதைகளைப் பறவைகள் பரப்பின. 2024 செப்டம்பர் முதல் சுவிட்சர்லாந்து முழுவதும் அந்தப் பனையை விற்கத் தடை. ஆகவே கடுங்குளிரையும் தாங்கி விதையும் பரப்பும் செடியைவிட, ஆண்டுதோறும் மண்மட்டம் வரை மடியும் செடியையே நான் பரிந்துரைப்பேன். பாஸ்ஜூவின் தண்டு குளிர்காலந்தோறும் மடிந்தால் அது குலை தள்ளும் வயதையே எட்டாது. பரவ அதற்கு இருக்கும் ஒரே வழி பக்கக்கன்று. அதை மண்வெட்டியால் தோண்டி எடுத்துவிடலாம்.