கணினி ஏன் ‘ஸ்ட்ரக்’ ஆகிறது?

பதினொன்றாம் வகுப்புச் செய்முறைப் பாடவேளை. ரைட்டரில் அட்டவணை போட்டுக்கொண்டிருந்த மாணவன் கையைத் தூக்கினான். “சார், ஸ்ட்ரக் ஆயிடுச்சு.” போய்ப் பார்த்தேன். சுட்டி நகரவில்லை. அவன் தட்டிய எழுத்துகள் எல்லாம் ஐந்தாறு வினாடி கழித்து மொத்தமாக வந்து விழுந்தன. “ஏன்டா திரும்பத் திரும்ப அழுத்தற? அதனாலதான் மாட்டிக்குது” என்று கடிந்துகொண்டேன்.

மாலையில் அந்தக் கணினி முன் தனியாக உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. நான் அவனிடம் சொன்ன காரணம் எந்தப் புத்தகத்திலும் இல்லாதது. கணினி அறிவியல் ஆசிரியரான எனக்கே அது ஏன் நிற்கிறது என்று தெரியவில்லை.

எங்கள் ஆய்வகக் கணினிகள் பழையவை. அவற்றில் உபுண்டு லினக்ஸ் ஏற்றியிருக்கிறேன். லினக்ஸில் ஷெட்யூலரை மாற்றினால் பழைய கணினியும் வழுக்கிக்கொண்டு ஓடும் என்று கணினி ஆர்வலர்கள் சொல்லக் கேட்டிருந்தேன். சோதித்துப் பார்த்துவிடுவது என்று இறங்கினேன்.

ஷெட்யூலர் நமக்குப் புதியதல்ல. பதினொன்றாம் வகுப்புப் பாடநூலில் இயக்க அமைப்பு பற்றிய பாடத்தில் வருகிறது. முதலில் வந்த வேலை முதலில், குறுகிய வேலை முதலில், ரவுண்ட் ராபின், முன்னுரிமை என்று நான்கு முறைகள். தேர்வுக்கு இவ்வளவு போதும் என்று நானும் பல ஆண்டுகள் அதைக் கடந்துபோயிருக்கிறேன். ஆனால் கரும்பலகையில் ஒரு கணக்குப் போட்டால் போதும், பாடம் உயிர்பெற்றுவிடும். 10 நிமிட வேலை ஒன்று, 1 நிமிட வேலை இரண்டு. பெரியது முதலில் வந்தால் மூன்றும் காத்திருக்கும் நேரம் 0, 10, 11 நிமிடம், சராசரி 7. சிறியவற்றை முதலில் முடித்தால் 0, 1, 2, சராசரி 1. இரண்டு முறையிலும் எல்லாம் முடிய ஆகும் நேரம் அதே 12 நிமிடம்தான். மையச் செயலகத்தின் வேகம் துளியும் கூடவில்லை. காத்திருப்பவருக்கு மட்டும் உலகமே மாறிவிட்டது. கணினி ‘ஸ்மூத்தாக’ இருக்கிறது என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்த இரண்டாவது எண்ணைத்தான்.

இதை என்னைவிட என் மனைவி நன்றாக விளக்கினார். அவர் ஈராசிரியர் பள்ளியில் மூன்று வகுப்புகளை ஒரே அறையில் நடத்துபவர். மூன்றாம் வகுப்புக்கு வகுத்தல் கணக்கு நடக்கும்போது ஒன்றாம் வகுப்புக் குழந்தை சிலேட்டைத் தூக்கிக்கொண்டு வரும்: “டீச்சர், சரியா?” அதற்குத் தேவை அரை நிமிடம். கணக்கு முடியட்டும் என்று நிறுத்தினால் அறை சந்தைக்கடை ஆகிவிடும். “அதனால சின்ன வேலைய உடனே பார்த்து அனுப்பிடுவேன். ஆனா அதே பிள்ளை பத்து தடவை வந்தா, போய் உட்காரு, உன் நேரம் முடிஞ்சதுன்னுதான் சொல்வேன்” என்றார்.

இன்றைய லினக்ஸ் கெர்னல் செய்வது கிட்டத்தட்ட இதேதான். 2023இல் வந்த 6.6 பதிப்பிலிருந்து அதில் இருக்கும் முறைக்கு ஈஈவிடிஎஃப் என்று பெயர். அயன் ஸ்டொய்கா, ஹுசைன் அப்தெல்-வஹாப் ஆகிய இருவர் 1995இல் எழுதிய வழிமுறை அது. பீட்டர் ஜைல்ஸ்ட்ரா அதைக் கெர்னலுக்குக் கொண்டுவந்தார். அதில் இரண்டு கேள்விகள். இந்த வேலை தன் நியாயமான பங்கை ஏற்கெனவே தாண்டிவிட்டதா? தாண்டியிருந்தால் காத்திருக்க வேண்டும். தாண்டாதவற்றில் யாருடைய கெடு முதலில் வருகிறது? அதற்குத்தான் அடுத்த முறை. சிறு துண்டு நேரம் மட்டும் கேட்கும் வேலையின் கெடு சீக்கிரம் வரும். பங்கு கூடாது, முறை முந்தி வரும். சிலேட்டுப் பிள்ளைக்குக் கிடைத்த அதே நியாயம்.

இதற்குப் பின்னால் ஒரு பழைய சண்டையும் உண்டு. கான் கோலிவாஸ் என்பவர் ஆஸ்திரேலியாவில் மயக்கவியல் மருத்துவர். நிரல் எழுதுவது அவர் தொழில் அல்ல. லினக்ஸ் பெரிய சர்வர்களுக்காகவே செதுக்கப்படுகிறது, மேசைக்கணினியில் உட்கார்ந்திருப்பவரை யாரும் நினைப்பதில்லை என்பது அவர் குறை. எல்லா வேலைகளுக்கும் நியாயமாகப் பங்கிடும் ஷெட்யூலர் ஒன்றை அவரே எழுதினார். 2007இல் கெர்னலில் சேர்ந்தது அவருடையதல்ல. அதே நியாயப் பங்கீட்டுக் கருத்தை வைத்து இங்கோ மோல்னார் எழுதிய சிஎஃப்எஸ். கோலிவாஸ் மனம் வெறுத்து விலகினார். 2009இல் பிஎஃப்எஸ் என்ற புதிய ஷெட்யூலரோடு திரும்பி வந்தார். அதுவும் கெர்னலுக்குள் போகவில்லை. ஆனாலும் ‘உட்கார்ந்திருப்பவருக்கு எப்படி இருக்கிறது’ என்ற கேள்வியை அவர்போல் விடாமல் கேட்டவர்கள் குறைவு என்றே எனக்குத் தோன்றுகிறது.

அன்றைக்கு ஷெட்யூலரை மாற்ற வேண்டுமென்றால் கெர்னலையே மறுபடி தொகுக்க வேண்டும். 2024 நவம்பரில் வந்த 6.12 பதிப்பு அந்த வேலையை மிச்சப்படுத்திவிட்டது. ஸ்கெட்-எக்ஸ்ட் என்ற வசதி வழியாக, ஓடிக்கொண்டிருக்கும் கணினியிலேயே வேறு ஷெட்யூலரை ஏற்றலாம், இறக்கலாம். ஏற்றுமுன் கெர்னல் அந்த நிரலைச் சரிபார்க்கிறது. ஏற்றிய பிறகு ஏதாவது ஒரு வேலைக்கு 30 வினாடி வரை முறையே வராமல் போனால், புதியதை வெளியேற்றிவிட்டுப் பழையதற்குத் திரும்பிவிடுகிறது. சோதித்துப் பார்க்கும் நம்மைப் போன்றவர்களுக்கு இதைவிடப் பாதுகாப்பு வேண்டியதில்லை. இருந்தாலும் பள்ளிக் கணினிகளில் நான் கைவைக்கவில்லை. என் சொந்த மடிக்கணினியில் மட்டும் செய்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

ஏற்றிப் பார்த்தது இரண்டு: ஸ்டீம் டெக் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியை மனத்தில் வைத்து எழுதப்பட்ட லேவ்டி, அடுத்தது பிபிஎஃப்லேண்ட். அடிக்கடி தூங்கி விழிக்கும் வேலைகளை, அதாவது விசைக்கும் சுட்டிக்கும் காத்திருப்பவற்றை, அடையாளம் கண்டு முந்திவிடுவது இரண்டின் போக்கும்.

முதல் இரவே லேவ்டி வெண்ணெயாய் வழுக்கியது. சக ஆசிரியரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் இயற்பியல்காரர், “கண்ணை நம்பாதீங்க சார்” என்றார். மறுநாள் இரண்டு மாணவர்களை உட்கார வைத்தேன். நான் திரும்பி நிற்க, அவர்கள் காசு சுண்டி ஷெட்யூலரை ஏற்றுவார்கள் அல்லது இறக்குவார்கள். நான் வந்து உலவியையும் ரைட்டரையும் பயன்படுத்திப் பார்த்து எது என்று சொல்ல வேண்டும். பத்தில் ஐந்து சரி. காசைக் கேட்டிருந்தாலும் அதே மதிப்பெண் வாங்கியிருக்கும்! மாணவர்களுக்கு அன்று ஏகக் கொண்டாட்டம்.

பிறகு பின்னணியில் ஒரு பாடக் காணொளியைச் சுருக்கும் வேலையை ஓடவிட்டோம். மையச் செயலகத்தை முழுதாக விழுங்கும் வேலை அது. முன்னால் வேறொரு காணொளி. திரை வினாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது. ஒவ்வொரு படத்துக்கும் 16.7 மில்லிவினாடி. அதற்குள் முறை வராவிட்டால் படம் தவறும். இந்த முறை பத்தில் ஒன்பது சரியாகச் சொன்னேன். இயங்கியைத் தவறிய படங்களின் எண்ணிக்கையைக் காட்டச் சொன்னபோது அதுவும் ஒத்துப்போனது. காணொளி சுருங்கி முடியச் சற்றுக் கூடுதல் நேரம் பிடித்தது. யாருக்காவது முந்தி முறை கொடுத்தால் யாராவது பிந்தத்தானே வேண்டும்.

சொதப்பல்களும் உண்டு. சைக்ளிக்டெஸ்ட் என்ற கருவியால் தாமதத்தை அளந்தபோது எந்த ஷெட்யூலரிலும் ஒரே எண் வந்தது. அரை நாள் குழம்பிய பிறகு புரிந்தது: நான் அதை நிகழ்நேர முன்னுரிமையில் ஓட்டியிருந்தேன். அப்படிப்பட்ட வேலைகள் இந்த வரிசைகளில் நிற்பதே இல்லை. எல்லோரையும் தாண்டி நேராக உள்ளே போகின்றன. முன்னுரிமையை எடுத்துவிட்டு ஓட்டிய பிறகுதான் வேறுபாடு தெரிந்தது.

இன்னொன்று நைஸ். ஒரு வேலை ‘மற்றவர்கள் முதலில் போகட்டும்’ என்று விட்டுக்கொடுக்கும் அளவு அது. -20 முதல் 19 வரை. நைஸ் 0 உள்ள வேலையின் எடை 1024, நைஸ் 19 உள்ளதன் எடை 15. காணொளி சுருக்கும் வேலைக்கு 19 கொடுத்தும் ஒன்றும் மாறவில்லை. காரணம், 2011இல் வந்த ஆட்டோகுரூப் என்ற வசதி. ஒவ்வொரு முனையச் சாளரத்தின் வேலைகளையும் அது தனிக் குழுவாகக் கட்டுகிறது. நைஸ் அந்தக் குழுவுக்குள்தான் செல்லும். அதை நிறுத்திவிட்டுப் பார்த்தபோது, கெர்னலோடு வரும் சாதாரண ஷெட்யூலரே லேவ்டிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அதன்பின் என் மடிக்கணினியில் சோதனை ஷெட்யூலர் எதுவும் இல்லை. பெரிய வேலைகளை நைஸ் 19இல் ஓட்டுகிறேன்.

சரி, ஆய்வகக் கணினி? அதில் எதையும் நிறுவாமலே பார்க்க ஒரு வழி இருந்தது. 2018இல் வந்த 4.20 கெர்னல் முதல், ப்ராக் கோப்புறைக்குள் ப்ரெஷர் என்றொரு கோப்புறை உண்டு. மையச் செயலகம், நினைவகம், உள்ளீடு-வெளியீடு என்று மூன்று கோப்புகள். கடைசி 10, 60, 300 வினாடிகளில் எத்தனை சதவீத நேரம் வேலைகள் அதற்காகக் காத்துக் கிடந்தன என்பது அதில் இருக்கும். ‘ஸ்ட்ரக்’ ஆன நேரத்தில் திறந்து பார்த்தேன். மையச் செயலகக் கோப்பில் பூச்சியத்தை ஒட்டிய எண். நினைவகக் கோப்பில் எண் எகிறிக் கிடந்தது.

2 ஜிபி நினைவகம். முந்தைய வகுப்பு மூடாமல் விட்டுப்போன உலவித் தாவல்கள். இடம் போதாமல் கெர்னல் பக்கங்களை வன்தட்டுக்கு அனுப்பித் திரும்ப எடுத்துக்கொண்டிருந்தது. வன்தட்டிலிருந்து தரவு வரக் காத்திருக்கும் வேலை, ஷெட்யூலரின் வரிசையிலேயே இருக்காது. வீட்டில் நோட்டை மறந்துவிட்டு வந்த பிள்ளையை முதலில் கூப்பிட்டு என்ன பயன்? எந்த ஷெட்யூலரை ஏற்றியிருந்தாலும் அந்தக் கணினி அப்படியேதான் நின்றிருக்கும்.

தலைமையாசிரியர் அனுமதியுடன், பழுதாகி மூலையில் கிடந்த கணினிகளிலிருந்து பொருந்திய நினைவகச் சில்லுகளைக் கழற்றி, ஓடுபவற்றில் போட்டேன். ஐந்து கணினிகள் தேறின. இருப்புப் பதிவேட்டிலும் குறித்தாயிற்று. மற்றவற்றில் வகுப்பு முடியும்போது உலவியை மூடுவது இப்போது கட்டாயம்.

அந்த மாணவனைக் கூப்பிட்டு ப்ரெஷர் கோப்பைக் காட்டினேன். நீ அழுத்தியதால் நிற்கவில்லை என்றேன். சற்று நேரம் எண்களைப் பார்த்தவன், “அப்ப அன்னைக்குத் திட்டினீங்களே சார்?” என்றான். தப்புதான் தம்பி என்றேன். அடுத்த கணினியிலும் பார்க்கலாமா என்று கேட்டான். பார்க்கச் சொன்னேன்.