சிற்றிறால் வளர்ப்போருக்கு ஜல பரிசோதனை

நன்னீர்த் தொட்டிகளில் வண்ண மீன்களை வளர்த்துப் பழகிய அன்பர்கள் பலர், செர்ரி இறால் எனப்படும் செந்நிறச் சிற்றிறால்களின் அழகில் மனத்தைப் பறிகொடுத்து, சென்னைக் கொளத்தூர்ச் சந்தையிலோ தத்தம் ஊர் மீன் கடைகளிலோ பத்தும் இருபதுமாக வாங்கிச் சென்று, சில தினங்களுக்குள்ளாகவே அவற்றில் பெரும்பகுதியை இழந்து விசனப்படுவது இன்று சகஜமாகிவிட்டது. இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளமே உள்ள அந்தப் பிராணியைப் பலவீனமானது என்று குறை கூறுவது நியாயமன்று. தைவானிலும் கீழைச் சீனத்திலும் ஓடைகளில் இயற்கையாக வாழ்ந்துவரும் அந்த இனம் பலவகை நீருக்கும் ஈடுகொடுக்க வல்லது. நாம் அதற்கு அளித்த ஜலம் எத்தகையது என்பதை நாமே அறியாதிருந்ததுதான் அத்தகைய மரணங்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் என்பது என் அபிப்பிராயம்.

ஆர்.ஓ. இயந்திரம் வீடுதோறும் புகுந்துவிட்ட நாளிலிருந்து, டி.டி.எஸ். மீட்டர் என்னும் பேனா வடிவக் கருவி நமக்கு நன்கு பரிச்சயமாகிவிட்டது. இறால் வளர்க்கத் தொடங்குகிறவர்களும் முதலில் வாங்குவது அதைத்தான். அதன் நுனியிலுள்ள இரு உலோக முனைகளுக்கு இடையே ஜலம் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்பதை அளந்து, அதிலிருந்து கரைந்துள்ள உப்புக்களின் மொத்த அளவை அது ஏறக்குறையக் கணித்துக் காட்டுகிறது. செர்ரி இறாலுக்கு 150 முதல் 250 வரையில் இருப்பது நலம். நம் ஊர்ப் போர்வெல்களிலோ 1,000-க்கு மேல் காட்டுவதும் உண்டு. ஆனால் அக்கருவி கூட்டுத்தொகையை மட்டுமே சொல்லுமேயன்றி, அத்தொகை எந்தெந்தப் பொருள்களால் ஆனது என்பதைச் சொல்லாது. லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் அமோனியா இறாலின் உயிருக்கு உலை வைக்கப் போதுமானது. மீட்டரிலோ அது ஓரிரு இலக்கங்களின் ஏற்றமாகத் தோன்றி, எவர் கவனத்துக்கும் வராமற் போய்விடும்.

இதற்கு மிகச் சிறந்த உதாரணம் அடுக்குமாடிக் குடியிருப்புக்களில் வைத்திருக்கும் சாஃப்ட்னர் இயந்திரம். கடின நீரிலுள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு, அவற்றுக்குப் பதிலாக சோடியத்தை விடுவதே அதன் தொழில். ஆகையால் இயந்திரத்துக்கு முன்னும் பின்னும் டி.டி.எஸ். அநேகமாக ஒன்றே, ஆயினும் இறால் தன் ஓட்டைக் கட்டுவதற்கு இன்றியமையாத இரு தாதுக்களும் அந்த ஜலத்தில் இல்லை. வளர்வதற்காகப் பழைய ஓட்டைக் கழற்ற முயலும் இறால், கழுத்துப் பகுதியில் வெள்ளை வளையம்போல் பிளவு கண்டு, அதற்கு மேல் வெளிவர இயலாமல் மாண்டுபோவதற்குப் பெரும்பாலும் இக்குறையே காரணமாகிறது.

இதைக் கண்டறியும் உபகரணம் மொத்தக் கடினத்தன்மையை அளக்கும் ஜி.எச்., கார்பனேட் கடினத்தன்மையை அளக்கும் கே.எச். என்ற இரண்டு சொட்டு மருந்துப் புட்டிகள்தாம். சிறு கண்ணாடிக் குழாயில் ஐந்து மில்லிலிட்டர் தொட்டி நீரை எடுத்து, புட்டியைச் செங்குத்தாகப் பிடித்து, ஒவ்வொரு சொட்டாக விட்டு, ஒவ்வொரு முறையும் குலுக்கிப் பார்த்து, ஜி.எச். மருந்தில் ஆரஞ்சு நிறம் பச்சையாகவோ கே.எச். மருந்தில் நீலம் மஞ்சளாகவோ மாறும் வரையில் விழுந்த சொட்டுக்களை எண்ணினால், ஒரு சொட்டுக்கு ஒரு டிகிரி என்ற கணக்கில் விடை கிடைத்துவிடும். ஒரு டிகிரி என்பது லிட்டருக்கு 17.8 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். பத்து மில்லிலிட்டர் எடுத்தால் ஒவ்வொரு சொட்டும் அரை டிகிரியாகி, கணக்கு இன்னும் நுட்பமாகும். செர்ரி இறாலுக்கு ஜி.எச். 6 முதல் 10 வரையிலும், கே.எச். 2 முதல் 6 வரையிலும் இருக்கலாம். ஜி.எச். மிகக் குறைந்தும் கே.எச். உயர்ந்தும் காணப்பட்டால், அது சாஃப்ட்னர் வழியே வந்த நீராக இருக்கக்கூடும் என்று சந்தேகிக்க இடமுண்டு. காகிதப் பட்டைகளால் இவ்வளவு நிச்சயமாக அறிய முடியாது. அவற்றை நான் சிபாரிசு செய்வதில்லை.

அடுத்தது அமோனியா, நைட்ரைட் ஆகிய இரண்டுக்கும் உரிய கிட்டுகள். கழிவிலிருந்து பிறக்கும் அமோனியாவை நைட்ரைட்டாகவும், அதைப் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் புதிய தொட்டியில் நிலைபெறுவதற்கு வழக்கமாக நான்கு முதல் ஆறு வாரங்கள் பிடிக்கும். 25 டிகிரி வெப்பத்தில், பி.எச். 7 உள்ள நீரில் அமோனியாவின் நச்சு வடிவம் மொத்தத்தில் சுமார் அரை சதவீதமே, பி.எச். 8 ஆனாலோ அது ஐந்து சதவீதத்துக்கு ஏறிவிடுகிறது. பி.எச். அறிவதற்கும் சொட்டு மருந்தே தொடக்கத்தில் போதும். மின் பேனாவை வாங்குகிறவர்கள் அதன் நுனியை உலரவிடாமல் பாதுகாத்து, 4-ம் 7-ம் உள்ள பஃபர் திரவங்களில் அடிக்கடி சரிபார்க்க வேண்டும்.

செம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. இறாலின் ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமப்பது செம்பு கொண்ட ஒரு புரதந்தான். ஆயினும் நீரில் கரைந்த செம்பு அதற்குக் கொடிய விஷம். இந்தியக் குடிநீர்த் தர நிர்ணயம், வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் செம்பு வரையில் அனுமதிக்கிறது. நமக்குப் பொருந்தும் அந்த அளவில் ஒரு சிறு பங்கே இறாலை மாய்த்துவிடும். மீன் நோய்களுக்கு விற்கப்படும் மருந்துகள் சிலவற்றில் செம்பு கலந்திருப்பதால், லேபிளை வாசிக்காமல் எதையும் தொட்டியில் ஊற்றலாகாது.

கடைசியாகச் சொல்லப்படுவதனால் உஷ்ணமானி அற்பமானதன்று. 20 டிகிரி வெப்பத்தில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் வரையில் பிராணவாயுவைத் தாங்கும் நன்னீர், 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராமைத்தான் தாங்கும். சித்திரை, வைகாசி வெயிலில் சிறு மின்விசிறியைத் தொட்டியின் மேற்பரப்பில் வீசச் செய்தால் இரண்டு மூன்று டிகிரி தணியும். ஆனால் நீர் ஆவியாகும்போது உப்புக்கள் தொட்டியிலேயே தங்கிவிடுவதால், டி.டி.எஸ். நாளுக்கு நாள் ஏறும். அந்த நஷ்டத்தைப் போர்வெல் நீரால் ஈடு செய்தால் உப்பின்மேல் உப்பு சேரும், ஆர்.ஓ. நீரால் ஈடு செய்வதே முறை. டி.டி.எஸ். மீட்டர் தன் உண்மையான பயனைத் தருவது இவ்விடத்தில்தான். ஜலத்தின் தரத்தைத் தீர்ப்பளிக்க அது போதாது. நேற்றைய ஜலத்துக்கும் இன்றைய ஜலத்துக்கும் உள்ள பேதத்தைக் காட்டுவதில் அதற்கு இணையானது இல்லை. இறால் அளவுகளின் திடீர் மாறுதலுக்கே மிகவும் அஞ்சும் ஜந்து. ஆதலால் தேதியிட்டு அளவுகளை ஒரு குறிப்புப் புத்தகத்தில் எழுதிவருவது நன்று. புதிதாக வாங்கி வந்த இறாலைத் தொட்டியில் விடும்போதும், காற்றுக் குழாயில் முடிச்சிட்டுத் தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, பை நீரின் டி.டி.எஸ். தொட்டி நீரின் டி.டி.எஸ். அளவை நெருங்கும் வரையில் காத்திருத்தல் வேண்டும்.

இறால் வாங்கப் புறப்படும் அன்பர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: முதலில் அமோனியா, நைட்ரைட், ஜி.எச்., கே.எச். ஆகிய நான்கு கிட்டுகளையும் வாங்குங்கள். புட்டியில் அச்சிட்ட காலாவதித் தேதியைக் கடையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். அமோனியாவும் நைட்ரைட்டும் ஏறி, பின்னர் இறங்கி, ஒரு வாரம் தொடர்ந்து பூஜ்யத்தில் நின்ற பிறகு இறாலுக்குப் பணம் கொடுங்கள்.