முறத்தால் புலியை அடித்தவள்

லாஸ்பேட்டைக்குப் பெயர் வந்ததே ஒரு போரின் மிச்சத்தில்தான். 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டுப் பிடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1765இல் அந்த இடிபாட்டைத் திரும்பப் பெற்று ஊரை மறுபடி எழுப்ப வந்த பிரெஞ்சு கவர்னர் ழான் லா. அவர் பெயரைத்தான் இன்றும் பஸ் பலகையில் படிக்கிறோம். அதே புதுச்சேரியில், வெள்ளைக்காரப் போலீஸுக்குத் தப்பி 1908 முதல் பத்து ஆண்டு தங்கியிருந்த பாரதியார், முதல் உலகப் போரின்போது பெல்ஜியத்தை வாழ்த்தி ஒரு பாட்டு எழுதினார். கண்ணன் பாட்டுக்குக் கிடைத்த மேடை அதற்குக் கிடைக்கவில்லை. ஆனால் பாடுகிறவன் போரைப் பற்றிப் பேசினால் எந்தப் பக்கம் நின்று பேசுவது என்ற கேள்விக்கு நம் ஊரிலேயே இருக்கும் சான்று அது. 2022இல் இங்கிலாந்தின் பிங்க் ஃப்ளாய்ட் குழு உக்ரைனுக்காகப் பாட்டு வெளியிட்டபோது எழுந்த சச்சரவையும் அதைக் கொண்டே அளந்து பார்க்கலாம்.

பிங்க் ஃப்ளாய்ட் 1960களில் தொடங்கிய ராக் இசைக்குழு. நம் கணக்கில் எம்.எஸ்.வி. காலத்து ஆட்கள். 1994க்குப் பிறகு புதிதாக எதுவும் எழுதாமல் கிட்டத்தட்டக் கடையைச் சாத்திவிட்டவர்கள். 2014இல் வந்த ஆல்பம்கூடப் பெரும்பாலும் பழைய ஒலிப்பதிவுகளின் மிச்சம். ரஷ்யப் படை உக்ரைனுக்குள் நுழைந்த சில நாளில், பூம்பாக்ஸ் என்ற உக்ரைன் குழுவின் பாடகர் ஆண்ட்ரி க்ளிவ்னியூக் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஊர் திரும்பினார். தலைநகர் கீவில் ஒரு சதுக்கத்தில் துப்பாக்கியோடு நின்று, எந்த வாத்தியமும் இல்லாமல் பழைய பாட்டு ஒன்றைப் பாடினார். அந்த வீடியோவிலிருந்த குரலை அப்படியே எடுத்து, 76 வயது டேவிட் கில்மர் கிடாரும் 78 வயது நிக் மேசன் டிரம்ஸும் சேர்த்தார்கள். கீபோர்டு வாசித்தவர் இந்திய வம்சாவளியான நிதின் சாஹ்னி. ‘ஹே ஹே ரைஸ் அப்’ என்ற பெயரில் 2022 ஏப்ரல் 8 அன்று வெளியானது. வருமானம் உக்ரைன் நிவாரணத்துக்குப் போனது. இதில் என்னைக் கவர்வது கிடாரைவிட அந்த அடக்கம்தான். உலகப் புகழ்பெற்ற கிழவர்கள் தங்கள் வாயால் ஒரு சொல்லும் பாடவில்லை. அடிபட்டவனைப் பாடவிட்டுப் பக்கவாத்தியம் வாசித்தார்கள்.

பாரதியாரும் ஏறக்குறைய அதைத்தான் செய்தார். 1839 உடன்படிக்கைப்படி பெல்ஜியம் யார் பக்கமும் சேராத நாடு. 1914 ஆகஸ்டில் ஜெர்மன் படை அதன் வழியே பிரான்ஸுக்குப் போக வழி கேட்டது, பெல்ஜியம் மறுத்தது, நொறுங்கியது. லூவன் நகரத்துப் பல்கலைக்கழக நூலகம் அந்த மாதமே எரிந்தது. உலகம் அமைதியாக வாழட்டும் என்று பொதுவாக ஆசீர்வதித்துவிட்டுப் பாரதியார் நகர்ந்துவிடவில்லை. தோற்ற நாட்டை முன்னிலையில் வைத்துப் பேசுகிறார். முறத்தால் புலியைத் தாக்கும் குறப்பெண்ணுக்கு அதை ஒப்பிடுகிறார். வீழ்ந்ததற்குக் காரணமாக அவர் அடுக்குவதெல்லாம் அந்த நாட்டின் நற்குணங்கள்தான். போர்ப் பாட்டுக்கு உயிர் வருவது இங்கேதான்: யார் வாசலில் யார் ஏறினார்கள் என்று பெயர் சொல்லும்போது. பொத்தாம்பொதுவான சமாதானப் பாட்டை, படையெடுத்தவனும் கூடச் சேர்ந்து கைதட்டிக் கேட்கலாம். பறம்பு மலையை இழந்த பாரியின் மகளிர் போரின் கொடுமை பற்றித் தத்துவம் பேசவில்லை. எங்கள் குன்று போனது, தந்தை போனார் என்றார்கள். புறநானூற்றில் அந்தச் சில அடிகள் அதனால்தான் நின்றன.

இதற்கு மறுப்பு உண்டு, லேசானதும் அல்ல. பக்கம் சேர்ந்து பாடினால் ஏதோ ஓர் அரசுக்குத் தவில் அடித்ததாகாதா? பிங்க் ஃப்ளாய்டின் பழைய ஆள் ரோஜர் வாட்டர்ஸே இப்படித்தான் முகம் சுளித்தார். தந்தையை 1944இல் இத்தாலிப் போர்முனையில் பறிகொடுத்தவர், வாழ்நாள் முழுக்கப் போரைச் சாடியவர். 2023 பிப்ரவரியில் ரஷ்யாவின் அழைப்பில் ஐ.நா. பாதுகாப்பு அவையில் பேசியபோது, படையெடுப்பு சட்டவிரோதம்தான், ஆனால் தூண்டுதல் இல்லாமல் நடந்ததல்ல என்றார். பாரதியார் மீதும் இதைவிடக் கூர்மையாகக் கேட்கலாம். பெல்ஜியத்தைக் காக்கவே போருக்குப் போகிறோம் என்று சொன்னது, அவரை வேட்டையாடிய அதே பிரிட்டன். அந்த ‘அறத்தின் நாடு’ காங்கோவில் ரப்பருக்காக மனிதர்களின் கையை வெட்டிய மன்னன் லியோபோல்டின் நாடு. பாட்டில் காங்கோ இல்லை. அது குறைதான், மழுப்ப வேண்டியதில்லை. ஆனால் வாழ்த்துப் பாட்டு நன்னடத்தைச் சான்றிதழ் அல்ல. ஒரு வீட்டுக்காரன் நல்லவனா என்பது ஒரு விசாரணை. அவன் வீட்டுக் கதவை உடைத்தது சரியா என்பது வேறு விசாரணை.

தவில் என்ற குற்றச்சாட்டுக்கு வரலாறே ஒரு பதில் வைத்திருக்கிறது. க்ளிவ்னியூக் பாடிய பாட்டு அவருடையது அல்ல. பழைய நாட்டுப்பாடல் ஒன்றைத் தழுவி ஸ்டெபான் சார்னெட்ஸ்கி 1914இல் ஆக்கியது. உக்ரைனிய சிச் படைப்பிரிவினர் அதைத் தமதாக்கிக்கொண்டார்கள். அவர்கள் அன்று ஆஸ்திரியா-ஹங்கேரி ராணுவத்தில், அதாவது ஜெர்மனியின் கூட்டாளியாக நின்றவர்கள். புதுச்சேரியில் பாரதியார் பாடியதோ ஜெர்மனி மிதித்த நாட்டுக்காக. ஒரே போரில் எதிரெதிர் முகாம்களில் ஒலித்த இரண்டு பாட்டுகள்! இன்று அந்த முகாம்கள் இல்லை. ஆஸ்திரியா-ஹங்கேரி என்ற பேரரசே வரைபடத்தில் இல்லை. எந்தப் பேரரசுக்கு லாபம் என்ற கணக்கு காலாவதியாகிவிட்டது. பாட்டுகள் காலாவதியாகவில்லை.

தமிழ் வாசகர் கேட்கும் கேள்வி இன்னொன்று, நியாயமானதும் அதுவே. 2009இல் முள்ளிவாய்க்காலில் மக்கள் செத்துக்கொண்டிருந்தபோது இந்தக் கிடார்கள் எங்கே போயின? ஈழத்துக் குடும்பத்தில் பிறந்த பாடகி எம்.ஐ.ஏ. அந்த ஆண்டுத் தொடக்கத்தில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் அதைப் பேசினார். பெரிய ராக் குழு எதுவும் அதற்காகக் கடையைத் திறக்கவில்லை. உக்ரைனுக்கு இரங்கிய மனம் வன்னிக்கு இரங்காமல் போனதில் நிறமும் தூரமும் அரசியலும் இருக்கின்றன. அதற்காக உக்ரைனுக்குப் பாடியதைக் குறை சொல்ல முடியாது. வன்னிக்குப் பாடாததைத்தான் சொல்ல வேண்டும். பாரதியாரின் பெல்ஜியப் பாட்டைத் தேடி எடுங்கள். பெல்ஜியம் என்ற இடத்தில் உங்களுக்குத் தெரிந்த வேறோர் ஊரின் பெயரைப் போட்டு ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.