காது வலிக்கு உடனே ஆண்டிபயாட்டிக் வேண்டுமா?

சளி பிடித்த குழந்தை இரண்டு மூன்று நாள் கழித்து நடுராத்திரியில் வீறிட்டு அழுதால், காதைச் சந்தேகப்படுங்கள். என்னிடம் வரும் தாய்மார்களிடம் தவறாமல் இதைச் சொல்வேன். பேச்சு வராத குழந்தை காதைப் பிடித்து இழுக்கும், பால் குடிக்க மறுக்கும், படுக்க வைத்தால் இன்னும் அழும்.

மூக்கின் பின்பக்கத்திலிருந்து நடுக்காதுக்குப் போகும் யூஸ்டேகியன் குழாய், கைக்குழந்தைக்குக் குட்டையாகவும் அதிகச் சாய்வில்லாமலும் இருக்கும். சளியில் அது வீங்கி அடைத்தால் நடுக்காதில் நீர் தேங்கும். மூக்கிலேயே குடியிருக்கும் நிமோகாக்கஸ், ஹீமோஃபிலஸ் போன்ற கிருமிகள் அதில் பெருகிச் சீழாக்கிவிடும். காதுக்குள் பார்க்கும் கருவியான ஓட்டோஸ்கோப்பில் பார்த்தால், சாம்பல் நிறத்தில் பளபளக்க வேண்டிய செவிப்பறை மஞ்சள் பூத்துப் புடைத்து நிற்கும். அந்தப் புடைப்புதான் முக்கியம். வெறும் சிவப்பை நம்பக் கூடாது. அழுகிற அழுகையிலேயே செவிப்பறை சிவந்துவிடும்.

பல குழந்தைகளுக்கு இது தானாகவே ஆறிவிடும். வலிக்கு மட்டும் மருந்து கொடுத்துக் காத்திருக்கலாம் என்று நெதர்லாந்து மருத்துவர்கள் 1990இலேயே வழிகாட்டினார்கள். 2004இல் அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்களும் அதை ஏற்றார்கள். ஆனால் 2011இல் பிட்ஸ்பர்க்கிலும் பின்லாந்தின் துர்குவிலும் செவிப்பறையைக் கறாராகப் பார்த்துத் தேர்ந்தெடுத்த சின்னக் குழந்தைகளிடம் நடந்த ஆய்வுகளில், ஆண்டிபயாட்டிக் தெளிவாகப் பலன் தந்தது. கூடவே வயிற்றுப்போக்கும் கூடியது. எனவே ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை, இரண்டு வயதுக்குள் இரு காதிலும் தொற்று, கடும் காய்ச்சல், சீழ் வடிதல் என்றால் நான் காத்திருப்பதில்லை. மூன்று வயதுப் பிள்ளைக்கு லேசான வலிதான் என்றால் பாராசிட்டமால் கொடுத்து, இரண்டு மூன்று நாள் பார்க்கலாம்.

ஆண்டிபயாட்டிக்கை ஆரம்பித்துவிட்டால் பாதியில் நிறுத்தாதீர்கள். 2016இல் வெளியான பிட்ஸ்பர்க் ஆய்வில், இரண்டு வயதுக்குட்பட்டவர்களில் பத்து நாள் மருந்து எடுத்தவர்களில் 16 சதவீதம் பேருக்குத்தான் சிகிச்சை பலிக்கவில்லை. ஐந்தே நாளில் நிறுத்தியவர்களில் அது 34 சதவீதம்.

வருமுன் காக்க வழி உண்டு. தாய்ப்பால் கொடுங்கள், படுக்க வைத்துப் புட்டிப்பால் புகட்டாதீர்கள், வீட்டுக்குள் பீடி சிகரெட் புகை வேண்டவே வேண்டாம். நிமோகாக்கல் தடுப்பூசி 2021 முதல் நாடு முழுக்க அரசு தடுப்பூசித் திட்டத்தில் இலவசம். பின்லாந்தில் நடந்த வேறோர் ஆய்வில் இந்தத் தடுப்பூசி மொத்தக் காதுத் தொற்றை 6 சதவீதம்தான் குறைத்தது. இருந்தாலும் நிமோனியாவிலிருந்தும் மூளைக்காய்ச்சலிலிருந்தும் காப்பாற்றும் ஊசி அது, விட்டுவிடாதீர்கள்.

என்னை அதிகம் வருத்துவது வேறொன்று. “சீழ் வந்ததும் வலி நின்னு போச்சு டாக்டரம்மா, சரியாயிடுச்சுன்னு விட்டுட்டோம்” என்பார்கள். செவிப்பறை கிழிந்து அழுத்தம் இறங்கியதால்தான் வலி நின்றது. பெரும்பாலும் அந்தக் கிழிசல் தானே மூடிக்கொள்ளும். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேலும் ஒழுகினால் நாள்பட்ட நோயாகி, செவித்திறனையே பாதிக்கலாம். அந்தக் காதில் காய்ச்சிய எண்ணெய் ஊற்றவே கூடாது. சுத்தமான பருத்தித் துணியின் முனையைத் திரியாக முறுக்கிக் காதில் வையுங்கள். நனைந்ததும் எடுத்துவிட்டுப் புதுத் திரி வையுங்கள். திரி நனையாமல் வரும்வரை இப்படியே செய்துவிட்டு, டாக்டர் எழுதித் தந்த சொட்டு மருந்தை விடுங்கள். காது காயாமல் மருந்து உள்ளே இறங்காது.

வலி போன பிறகும் நடுக்காதில் நீர் சில வாரம் நிற்கும். கூப்பிட்டால் திரும்பாத, டிவி சத்தத்தைக் கூட்டச் சொல்கிற பிள்ளையை அடம் என்று திட்டாதீர்கள். மூன்று மாதமாகியும் நீர் வற்றவில்லை என்றால் செவித்திறன் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள்.