மீன்தொட்டி எவ்வளவு பெரிதாக இருக்கலாம்? வாளிக் கணக்குப் போட்டுப் பாருங்கள்

தீபாவளிக்கு உறவினர்கள் கொடுத்த பணத்தைச் செலவழிக்காமல் சேர்த்து வைத்திருந்த உயர்நிலை 2 மாணவன் ஒருவன், ஆய்வுக்கூடத்தில் மற்றவர்கள் கலைந்துபோன பிறகு என்னிடம் வந்தான். “சார், மீன் வளர்க்கப் போறேன். ரெண்டடித் தொட்டி வாங்கலாமா, நாலடித் தொட்டி வாங்கலாமா? அம்மா கண்ணாடிக் கிண்ணமே போதும்னு சொல்றாங்க. அதுலதான் வேலை கம்மியாம்.”

அம்மா சொன்னதில் நியாயம் இருப்பதுபோல்தான் தெரியும். நான்கு லிட்டர் தண்ணீரை மாற்றுவது எளிது; இருநூறு லிட்டரை யார் சுமப்பது? ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் விடை வேறாக வருகிறது. அதற்கு நீங்கள் வகுப்பில் படித்த விகிதமும் செறிவும் போதும்.

தண்ணீர் ஏன் கெடுகிறது?

மீன் உணவில் ஏறத்தாழ 40 விழுக்காடு புரதம். புரதத்தின் எடையில் சுமார் 16 விழுக்காடு நைட்ரஜன். மீன் அந்தப் புரதத்தைச் செரித்து, மிஞ்சும் நைட்ரஜனைப் பெரும்பாலும் அம்மோனியாவாகத் தன் செவுள்கள் வழியே தண்ணீரில் விடுகிறது. அம்மோனியா மீனுக்கே நஞ்சு. ஆற்றிலும் குளத்திலும் அது கரைந்து பரவிவிடும். தொட்டியில் அது எங்கே போகும்?

இங்கேதான் நம் கண்ணுக்குத் தெரியாத வேலையாட்கள் வருகிறார்கள். வடிகட்டியின் பஞ்சிலும் மணலிலும் ஒட்டி வாழும் ஒருவகைப் பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரைட்டும் நஞ்சுதான். நைட்ரேட் அவ்வளவு கொடியதல்ல; ஆனால் சேர்ந்துகொண்டே போகும். நீர்த்தாவரங்கள் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். மீதியை நாம்தான் வாளியில் மொண்டு வெளியே கொட்ட வேண்டும். வாராவாரம் தண்ணீர் மாற்றச் சொல்வதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

ஒரு டஜன் சிறிய மீன்களுக்கு ஒரு நாளில் 0.3 கிராம் உணவு போடுவதாக வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு 2.1 கிராம். அதில் புரதம் 0.84 கிராம், நைட்ரஜன் சுமார் 134 மில்லிகிராம். மீன் தன் வளர்ச்சிக்கு ஒரு பகுதியை வைத்துக்கொள்ளும், ஆனாலும் கணக்கு எளிதாக இருக்க முழுவதும் நைட்ரேட்டாக மாறுவதாகக் கொள்வோம். நைட்ரஜனின் அணுநிறை 14. நைட்ரேட்டின் நிறை 62. ஆகவே 134-ஐ 62-ஆல் பெருக்கி 14-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 600 மில்லிகிராம் நைட்ரேட் கிடைக்கும். ஒவ்வொரு வாரமும் இவ்வளவு உள்ளே வருகிறது.

மீன் வளர்ப்போர் பலர் லிட்டருக்கு 40 மில்லிகிராம் என்பதை எல்லையாக வைத்துக்கொள்கிறார்கள். தண்ணீர் அந்த எல்லையைத் தொடும்போது நீங்கள் மொண்டு எடுக்கும் ஒவ்வொரு லிட்டரிலும் 40 மில்லிகிராம் வெளியேறும். வாரம் 600 மில்லிகிராமை வெளியேற்ற 600 ÷ 40 = 15 லிட்டர்.

இந்தக் கணக்கில் தொட்டியின் அளவு எங்கே வந்தது? எங்குமே வரவில்லை! மாற்ற வேண்டிய தண்ணீரின் அளவைத் தீர்மானிப்பது மீன்கள் தின்னும் உணவு. கிண்ணமானாலும் நான்கடித் தொட்டியானாலும் அதே மீன்களுக்கு வாரம் 15 லிட்டர்தான்.

அப்படியானால் பெரிய தொட்டியால் என்ன பயன்?

பயன் இருக்கிறது. அது நமக்கு அவகாசம் தருகிறது. 60 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 36 உயரமுள்ள இரண்டடித் தொட்டியில், மணலையும் மேலே விடும் இடைவெளியையும் கழித்தால், சுமார் 55 லிட்டர் தண்ணீர் நிற்கும். நான்கடித் தொட்டியில் சுமார் 210 லிட்டர். நாளுக்கு 85 மில்லிகிராம் நைட்ரேட் சேர்ந்தால், புதுத் தண்ணீர் 40-ஐத் தொட நான்கடித் தொட்டியில் மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். இரண்டடித் தொட்டியில் 26 நாள். நான்கு லிட்டர் கிண்ணத்தில் இரண்டே நாள்! ஒரு டஜன் மீனைக் கிண்ணத்தில் யாரும் விடமாட்டார்கள்தான். ஆனால் மீனைக் குறைத்தாலும் விகிதம் மாறாது. குறைந்த வேலை என்று அம்மா நினைத்த கிண்ணம், ஒன்றுவிட்டு ஒருநாள் தண்ணீர் மாற்றச் சொல்லும்.

நைட்ரேட்டாவது பொறுத்துக்கொள்ளும். விபத்துகள் அப்படியல்ல. தம்பி விளையாட்டாக ஒரு சிட்டிகை உணவை அதிகம் போட்டுவிட்டான், 0.1 கிராம், யாரும் தின்னாமல் அழுகிவிட்டது. அதிலிருந்து 6.4 மில்லிகிராம் நைட்ரஜன் அம்மோனியாவாக வெளியேறும். கிண்ணத்தில் அது லிட்டருக்கு 1.6 மில்லிகிராம், மீன் மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடத் தொடங்கிவிடும். இரண்டடித் தொட்டியில் 0.12 மட்டுமே. பாக்டீரியாக்கள் அதைக் கையாண்டுவிடும்.

நம் ஊர் வெப்பத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் 7.5 தான். கழுத்துவரை தண்ணீர் நிரப்பிய கிண்ணத்தில் காற்றைத் தொடும் பரப்பும் சுருங்கிவிடும். ஆகவே கிண்ணத்தைக் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

நான் செய்த தவறு

ஆசிரியராகச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில் நான் நான்கடித் தொட்டி ஒன்றை வாங்கினேன். பன்னிரண்டு மீன்கள் அதில் நீந்தியபோது காலியாகத் தெரிந்தது. பெரிய தொட்டியின் ஆபத்து இந்த ‘காலியாகத் தெரிவது’தான். ஒவ்வொரு சனிக்கிழமையும் கடைக்குப் போய் இரண்டு, மூன்று என்று வாங்கி நாற்பதைத் தாண்டிவிட்டேன். உணவு நாளுக்கு ஒரு கிராம் ஆனது. மேலே உள்ள கணக்கை நீங்களே போடுங்கள்: வாரத்துக்கு 50 லிட்டர் வரும். பத்து லிட்டர் வாளியில் ஐந்து வெளியே, ஐந்து உள்ளே. குளியலறைக்கும் வரவேற்பறைக்கும் நடுவே 100 கிலோகிராம் தண்ணீரைச் சுமந்தேன்.

எட்டு மாதம் தாக்குப்பிடித்தேன். ஆண்டிறுதித் தேர்வுத் தாள்களைத் திருத்திய மாதத்தில் மூன்று வாரம் தண்ணீர் மாற்றவில்லை, வடிகட்டியையும் கழுவவில்லை. பஞ்சு அடைத்து நீரோட்டம் குறைந்தது. ஆக்சிஜன் போகாததால் பாக்டீரியாக்கள் மடிந்தன. ஒரு வாரத்தில் பதினொரு மீன்களைப் பழைய செய்தித்தாளில் சுற்றி எடுத்துப்போக வேண்டியதாயிற்று. அடுத்த மாதம் தொட்டியை ஒரு நண்பருக்குக் கொடுத்துவிட்டேன். தவறு தொட்டியில் இல்லை. அதை நிரப்பியே ஆக வேண்டும் என்று நினைத்த என்னிடம் இருந்தது.

அளவு கூடக் கூட வேறு சில வேலைகளும் கூடத்தான் செய்யும். பாசி தேய்க்க வேண்டிய கண்ணாடி, நான்கடித் தொட்டியில் இரண்டடித் தொட்டியைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். எடையும் இருக்கிறது. தண்ணீர், மணல், கண்ணாடி, தாங்கி எல்லாம் சேர்த்தால் 300 கிலோகிராமை எட்டும்; அது அரைச் சதுர மீட்டர் தரையில் நிற்கும். வீட்டுத் தளங்கள் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிலோகிராம் சுமைக்கு வடிவமைக்கப்படுகின்றன. அது அறை முழுதும் பரவிய சுமைக்கான அளவு என்பதால் தளம் உடனே விரிசல் விடும் என்று பொருளல்ல. ஆனாலும் அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் வாங்குவதற்கு முன் விசாரிப்பது நல்லது. இரண்டடித் தொட்டிக்கு இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை.

ஆகவே கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். எவ்வளவு பெரிய தொட்டி என்று தொடங்காமல், வாரத்துக்கு எத்தனை வாளி சுமப்பேன் என்று தொடங்குங்கள். தேர்வு வாரத்திலும் சுமப்பேன் என்று சொல்லக்கூடிய எண்ணிக்கையாக இருக்கட்டும். அது மீன்களின் எண்ணிக்கையைச் சொல்லும். பிறகு, மூன்று வாரம் கவனிக்க முடியாமல் போனாலும் தாங்கக்கூடிய தொட்டியைத் தேர்ந்தெடுங்கள். டிசம்பர் விடுமுறையில் ஊருக்குப் போகும் குடும்பங்கள் இதை மறக்கக்கூடாது. பெரும்பாலான மாணவர்களுக்கு இரண்டடித் தொட்டியும் எட்டு, பத்து சிறிய மீன்களும் என்று விடை வரும். தங்கமீன் இந்தக் கணக்கில் சேராது. தொட்டிக்குத் தகுந்தபடிதான் அது வளரும் என்று கடையில் சொன்னால் நம்பாதீர்கள். நன்றாகப் பராமரித்தால் ஓர் அடிக்கோலின் பாதி நீளத்தைத் தாண்டும்.

தண்ணீர் மாற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள். சிங்கப்பூர்க் குழாய்நீரில் கிருமிநீக்கத்துக்குக் குளோரமின் சேர்க்கிறார்கள். குளோரின் என்றால் ஓர் இரவு வாளியில் வைத்தால் பெரும்பகுதி ஆவியாகிவிடும். குளோரமின் அப்படிப் போகாது. கடையில் விற்கும் குளோரின் நீக்கியைத்தான் சேர்க்க வேண்டும். மூடாத வாளியை இரவெல்லாம் வைத்தால் ஏடிஸ் கொசுவுக்குத்தான் வசதி.

தொட்டியை வாங்கிய அன்றே மீனையும் வாங்காதீர்கள். பாக்டீரியாக்கள் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். சிட்டிகை உணவைப் போட்டு அம்மோனியாவை உண்டாக்கி, சோதனைத் திரவத்தால் அளந்து பாருங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியத்துக்கு இறங்கிய பிறகு மீன் வரட்டும். அந்த வாரங்களில் சனிக்கிழமைதோறும் 15 லிட்டரைச் சுமந்து பழகுங்கள். இரண்டாம் வாரமே சலித்துவிட்டால் மீன்களின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளலாம். இன்னும் எதுவும் வாங்கவில்லையே.

அந்த மாணவன் இரண்டடித் தொட்டிதான் வாங்கினான். எட்டு கப்பி மீன்கள், ஏழு லிட்டர் வாளியில் வாரம் இரண்டு நடை. போன வாரம் மறுபடி வந்தான். “சார், குட்டி போட்டிருக்கு. எண்ணினா இருபத்து மூணு.” சிரிப்பை அடக்கிக்கொண்டு, உணவு எத்தனை கிராம் ஆகும் என்று கணக்குப் போட்டு வரச் சொன்னேன். வாய்க்காலில் விட்டுவிடலாமா என்று கேட்டான். கூடாது; அது சட்டப்படி குற்றம், அங்குள்ள உயிரினங்களுக்கும் கேடு. அவன் வகுப்பில் இருவர் இப்போது தொட்டி வாங்கிப் பாக்டீரியாவுக்காகக் காத்திருக்கிறார்கள். ஆளுக்கு ஆறு குட்டி என்று பேச்சு.