இருவகை வாசகரும் மின்னூற் கருவியும்

வாசகர் என்னும் சொல் ஒன்றாயினும் அச்சொல் சுட்டும் மனிதர் ஒரே தன்மையர் அல்லர். மாதம் நான்கு நூல்களைப் படித்து முடிப்பவரும் வாசகரே. விடுமுறைக்கு ஒன்றாக ஆண்டில் மூன்று நூல்களைப் படிப்பவரும் வாசகரே. முன்னவரைத் தீவிர வாசகர் என்றும் பின்னவரை ஓய்வுநேர வாசகர் என்றும் கூறலாம். மின்னூல் வாசிப்புக் கருவியை விற்க முனைந்தோர் இவ்விரு சாராரையும் எவ்வாறு அணுகினர் என்பதே இன்று நாம் நோக்கவிருக்கும் பொருளாகும்.

2007 நவம்பரில் அமெரிக்காவின் அமேசன் நிறுவனம் ‘கிண்டில்’ என்னும் கருவியை வெளியிட்டது. விலை 399 டொலர். ஆயினும் ஐந்தரை மணி நேரத்துள் கையிருப்பு முழுவதும் விற்றுத் தீர்ந்தது. இத்துணை விலை கொடுத்து அதனை வாங்குவோர் யாவர்? விடையை ஒரு சிறு கணக்குத் தரும். அங்கு புதிய நூலொன்றின் கெட்டி அட்டைப் பதிப்பு ஏறத்தாழ 25 டொலர். அதிகம் விற்பனையாகும் நூல்களின் மின்பதிப்பை அமேசன் 9.99 டொலருக்கு வழங்கியது. நூலொன்றுக்கு 15 டொலர் மிச்சமெனக் கொண்டால், 27 நூல்களைப் படித்த பின்னரே கருவியின் விலை மீளும். தீவிர வாசகருக்கு அது ஏழு மாதக் கணக்கு. ஓய்வுநேர வாசகருக்கோ ஒன்பது ஆண்டுக் கணக்கு!

எனவே முதற் கருவி தீவிர வாசகரை நோக்கியே பேசிற்று எனலாம். ஏறத்தாழ 200 நூல்கள் ஒரு கையில் அடங்கும். கணினியின் துணையின்றி, நினைத்த நூல் ஒரு நிமிடத்துள் வந்து சேரும். இலத்திரனியல் மையால் எழுத்துகள் கடதாசியிற் போலவே தோன்றும். வாசிப்பிலேயே வாழ்பவருக்கு இவை பெருவரங்கள். எப்போதாவது படிப்பவருக்கு இவற்றால் ஆவதென்ன?

2010 ஏப்ரலில் அப்பிள் நிறுவனத்தின் ‘ஐபேட்’ விற்பனைக்கு வந்தபோது நிலைமை மாறிற்று. படம் பார்க்கவும் பாட்டுக் கேட்கவும் இடையிடையே படிக்கவும் ஒரே கருவி போதுமென்றாயிற்று. அவ்வாண்டிலேயே அமேசன் 139 டொலர்க் கிண்டிலை வெளியிட்டது. அதற்கான தொலைக்காட்சி விளம்பரமொன்றில், நீச்சற் குளத்தருகே ஒருவர் வெயிலின் கூச்சத்தால் தம் கருவியைப் பார்க்க இயலாது தவிக்கிறார். பக்கத்திலிருக்கும் பெண்ணோ கிண்டிலில் இயல்பாகப் படிக்கிறார். தமது கறுப்புக் கண்ணாடி இதைவிட விலை கூடியது என்கிறார். அங்கு முன்னிறுத்தப்பட்டவை வெயிலும் விலையுமே. இது ஓய்வுநேர வாசகருக்கான மொழி. 2011இல் திரையில் விளம்பரங்களைத் தாங்கிய கருவியின் விலை 79 டொலராக இறங்கிற்று. முன்னைய கணக்கின்படி இப்போது ஆறு நூல்களே போதும். ஓய்வுநேர வாசகருக்கும் இரண்டு ஆண்டுகளில் விலை மீண்டுவிடும்.

ஆனால் விற்பவரின் கணக்கு வேறு. கருவிகளை அடக்க விலைக்கே விற்பதாக 2012இல் அமேசனின் தலைவர் ஜெப் பெசோஸ் கூறினார். இலாபம் கருவியில் இல்லை. அதன்பின் வாங்கப்படும் நூல்களிலேயே உள்ளது. மலிவென்று வாங்கி மேசை இழுப்பறைக்குள் போட்டுவைப்பவரால் விற்பவருக்கு நன்மையில்லை. அவர் தேடுவது கருவி வாங்குபவரை அன்று, தொடர்ந்து படிப்பவரையே. 2016இல் ஒரே நிறுவனம் 79.99 டொலர்க் கருவியையும் 289.99 டொலர்க் கருவியையும் விற்றது. இரண்டிலும் படிக்கத்தக்க நூல்கள் ஒன்றே. பக்கம் புரட்டும் பொத்தானும் கைக்கிசைந்த வடிவமும் வேண்டி மும்மடங்குக்கு மேல் கொடுப்பவர் தீவிர வாசகரேயன்றி வேறு யார்?

நேயர்களே, இவ்வரலாறு ஓர் உண்மையை உணர்த்துகின்றது. விலைக் குறைப்பு நூலுக்கும் மனிதனுக்கும் இடையிலுள்ள ஒரு தடையை நீக்கலாம். ஆண்டுக்கு மூன்று நூல் படிப்பவரை முப்பது படிக்கச் செய்ய அதனால் மட்டும் இயலாது. வாசிப்புப் பழக்கம் வீட்டிலும் பாடசாலையிலும் நூலகத்திலும் விளைவது. அங்கு விளைந்ததையே சந்தை அறுவடை செய்கிறது. விதைக்கும் பொறுப்பு நம்முடையது.