பத்திரிகை யார் பக்கம்? சாய்வை அறிந்து செய்தி படிப்போம்

“அது அவங்க பேப்பர், அப்படித்தான் போடுவாங்க.” தமிழ் நாளிதழ் கைமாறும் உணவகங்களிலும் ஒட்டுக்கடைகளிலும் இந்தப் பேச்சு புதிதல்ல. தேர்தல் நெருங்கினால் இது இன்னும் சூடு பிடிக்கும். ஒருவர் ஒரு பத்திரிகையைக் காட்டி இதில்தான் உண்மை இருக்கிறது என்பார். இன்னொருவர் அதே பத்திரிகையைக் காட்டி இது முழுக்க ஜால்ரா என்பார். கடைசியில் இருவரும் கோபித்துக்கொண்டு எழுந்து போவார்கள்.

இந்தச் சண்டையில் நமக்கும் பங்கு உண்டு. தோட்ட வீட்டுப் பிரச்சினை, தமிழ்ப்பள்ளி மானியம், கோயில் நிலம், குடியுரிமைப் பத்திரம் போன்றவை பத்திரிகையில் வந்தால்தான் பல நேரங்களில் மேலிடத்துக் காதில் விழுகின்றன. எந்தப் பிரச்சினை வருகிறது, எது வராமல் போகிறது என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்வது நம் நலனுக்கே நல்லது.

சாய்வு நேற்று வந்ததல்ல

மலாயாவில் தமிழ்ப் பத்திரிகைகள் தொடக்கத்திலிருந்தே ஒரு கருத்தைத் தாங்கி நின்றவைதான். 1924 செப்டம்பரில் நரசிம்ம ஐயங்கார் கோலாலம்பூரில் ‘தமிழ் நேசன்’ இதழைத் தொடங்கினார். 1935-இல் கோ. சாரங்கபாணி சிங்கப்பூரில் ‘தமிழ் முரசு’ இதழைத் தொடங்கினார். தமிழர் சீர்திருத்தச் சங்கத்தின் குரலாக, ஒரு காசு விலையில் அது வெளிவந்தது. சாதி ஒழிப்பு, சீர்திருத்தத் திருமணம் ஆகியவற்றை முரசு வெளிப்படையாக ஆதரித்தது. அதன் சாய்வு எந்தப் பக்கம் என்று வாசகருக்குத் தெரிந்தே இருந்தது.

பின்னர் சாய்வு கொள்கையை விட்டுக் கட்சிக்குள் இருக்கும் அணிகளின் பக்கம் திரும்பியது. ‘தமிழ் நேசன்’ துன் சாமிவேலுவின் குடும்பத்தார் கைக்கு வந்தது. அவர் 1979 முதல் 2010 வரை ம.இ.கா.வின் தலைவர். அக்கட்சியின் துணைத்தலைவராக இருந்த டான்ஸ்ரீ சுப்பிரமணியத்துக்கும் அவருக்கும் நீண்ட காலப் போட்டி இருந்தது. ஆதி குமணன் ஆசிரியராக இருந்த ‘தமிழ் ஓசை’யையும், பின்னர் வந்த ‘மக்கள் ஓசை’யையும் சுப்பிரமணியம் அணிக்கு நெருக்கமானவையாகவே பலர் பார்த்தார்கள். ம.இ.கா. தேர்தல் வந்தால் எந்தப் பத்திரிகையில் யார் படம் பெரிதாக வரும் என்று பத்திரிகையை விரிக்கும் முன்பே சொல்லிவிடலாம்.

இந்த நிலை தமிழருக்கு மட்டும் உரியதல்ல. ‘தி ஸ்டார்’ பத்திரிகையின் பெரும்பங்குதாரர் ம.சீ.ச. ‘உத்துசான் மலேசியா’ பல பத்தாண்டுகள் அம்னோவின் பிடியில் இருந்தது. அந்தப் பிடி வந்த கதை கவனிக்கத்தக்கது. 1961-இல் ‘உத்துசான் மெலாயு’வை அம்னோ தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவர முயன்றபோது, ஆசிரியர் சைட் ஸஹாரி தலைமையில் ஊழியர்கள் ஏறக்குறைய மூன்று மாதம் வேலைநிறுத்தம் செய்தார்கள். வேலைநிறுத்தம் தோற்றது, பத்திரிகை கட்சியின் கைக்குப் போனது. எதிர்க்கட்சிகளும் சும்மா இருக்கவில்லை. பாஸ் கட்சிக்கு ‘ஹராக்கா’, ஜ.செ.க.வுக்கு ‘ராக்கெட்’ என்று தனித்தனி ஏடுகள் இருந்தன.

ஆஸ்ட்ரோ வழி நம் வீட்டுக்கு வந்த தமிழ்நாட்டுத் தொலைக்காட்சிகளிலும் இதே கதைதான். சன் டிவி கலைஞரின் உறவினரான மாறன் குடும்பத்துடையது. ஜெயா டிவி அ.தி.மு.க. பக்கம் இருந்தது. 2007 மே மாதம், கலைஞரின் அரசியல் வாரிசு யார் என்ற கருத்துக்கணிப்பைத் ‘தினகரன்’ வெளியிட்டது. அதனால் மதுரையில் அப்பத்திரிகையின் அலுவலகம் தாக்கப்பட்டு, ஊழியர்கள் மூவர் உயிரிழந்தனர். இரு குடும்பங்களுக்கும் இடையே விரிசல் விழுந்தது. சில மாதங்களிலேயே கலைஞர் டிவி பிறந்தது. குடும்பம் பிரிந்தபோது செய்தியும் இரண்டாகப் பிரிந்தது.

சாய்வை உண்டாக்கும் நான்கு கைகள்

முதல் கை உரிமையாளர். பத்திரிகைக்குப் பணம் போட்டவருக்குப் பிடிக்காத செய்தியை முதல் பக்கத்தில் போட ஆசிரியர் தயங்குவார். யாரும் தொலைபேசியில் மிரட்ட வேண்டியதில்லை. எதை விட வேண்டும் என்று பணியாளர்கள் தாமாகவே கற்றுக்கொள்வார்கள்.

இரண்டாவது கை அரசாங்கம். 1984-ஆம் ஆண்டின் அச்சகம், பதிப்புகள் சட்டத்தின்படி நாளிதழ் நடத்த உள்துறை அமைச்சின் அனுமதி வேண்டும். 2012-இல் சட்டம் திருத்தப்படும்வரை அந்த அனுமதியை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியிருந்தது. 1987 அக்டோபரில் ‘ஓப்ராசி லாலாங்’ நடவடிக்கையின்போது ‘தி ஸ்டார்’, ‘சின் சியூ ஜிட் போ’, ‘வத்தான்’ ஆகிய மூன்று பத்திரிகைகளின் அனுமதி பறிக்கப்பட்டது. மறு ஆண்டு மார்ச் வரை அவை வெளிவரவில்லை. மற்றப் பத்திரிகைகள் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தன.

தமிழ்ப் பத்திரிகைக்கும் அந்த அடி விழுந்தது. 2008 மார்ச் 8 பொதுத்தேர்தலில் தேசிய முன்னணி மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையை இழந்தது. ம.இ.கா. மூன்றே நாடாளுமன்றத் தொகுதிகளில் வென்றது. சாமிவேலுவே சுங்கை சிப்புட்டில் தோற்றார். அடுத்த மாதமே ‘மக்கள் ஓசை’யின் அனுமதியைப் புதுப்பிக்க உள்துறை அமைச்சு மறுத்தது. தேர்தல் காலத்தில் எதிர்க்கட்சிச் செய்திகளுக்கு இடம் கொடுத்ததுதான் காரணம் என்று பத்திரிகைத் தரப்பு கருதியது. பலத்த எதிர்ப்பு எழுந்தது. மேல்முறையீட்டுக்குப் பின் அதே மாதத்தில் அனுமதி திரும்பக் கிடைத்தது. பத்திரிகை பிழைத்தது. ஆனாலும் அடுத்த தேர்தலில் ஒரு தலைப்பைப் போடுமுன் எந்த ஆசிரியருக்கும் அந்த ஏப்ரல் மாதம் நினைவுக்கு வரத்தானே செய்யும்?

மூன்றாவது கை விளம்பரம். தமிழ் வாசகர் கூட்டம் சிறியது. பெரிய நிறுவனங்களின் விளம்பரம் மலாய், சீன, ஆங்கிலப் பத்திரிகைகளுக்கே அதிகம் போகிறது. ஆகவே தீபாவளி, பொங்கல் வாழ்த்துகளும், தலைவர்களின் பிறந்தநாள் வாழ்த்துப் பக்கங்களும் தமிழ்ப் பத்திரிகைக்கு முக்கிய வருமானம் ஆகின்றன. முழுப் பக்க வாழ்த்துக்குப் பணம் கொடுத்தவரைப் பற்றி மறுநாள் கடுமையாக எழுதுவது எளிதன்று.

நான்காவது கையைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. அது செய்தி வந்து சேரும் வழி. தலைவர்களுக்கு உதவியாளர்கள் உண்டு. அவர்கள் செய்தியையும் படத்தையும் தயார் செய்து அனுப்பிவிடுவார்கள். தோட்டத்து மக்களுக்கு அப்படி யாருமில்லை. மாநிலம் முழுவதையும் ஓரிரு நிருபர்கள் சுற்றி வர வேண்டியிருந்தால், அழைப்பு வந்த நிகழ்ச்சிக்குத்தான் போவார்கள். காசோலை வழங்கும் படம் வரும். காசோலை எதற்காகத் தேவைப்பட்டது என்ற கதை வராது. இதில் யாருடைய சதியும் இல்லை. ஆனாலும் விளைவு சாய்வுதான்.

சாய்வு எப்படி இருக்கும்?

சாய்வு என்றால் பொய் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு வரிகூடப் பொய் இல்லாமலே ஒரு பக்கமாக எழுத முடியும். கற்பனையாக ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒரு தோட்டம் விற்கப்படுகிறது. முன்னாள் தொழிலாளர் குடும்பங்கள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். தலைவர் ஒருவர் அங்கே போய்ப் பேசுகிறார்.

ஒரு பத்திரிகையின் தலைப்பு: “தோட்ட மக்களுக்குத் தலைவர் ஆறுதல், தீர்வு காண உறுதி.” இன்னொன்றின் தலைப்பு: “வீடிழக்கும் குடும்பங்கள், வாக்குறுதி மட்டுமே கிடைத்தது.” மூன்றாவது பத்திரிகையில் செய்தியே இல்லை. முதல் இரண்டும் உண்மை. எது அதிகம் சாய்ந்தது என்று வாதிடலாம். ஆனால் அந்தக் குடும்பங்களுக்கு அதிகக் கேடு செய்தது மூன்றாவதுதான். இருக்கும் செய்தியில் உள்ள சாய்வு கண்ணில் படும். இல்லாத செய்தி கண்ணில் படாது.

சொற்களையும் கவனியுங்கள். பிடித்த தலைவர் ‘விளக்கினார்’, பிடிக்காதவர் ‘மழுப்பினார்’. ஒருவர் ‘கேள்வி எழுப்பினார்’, மற்றவர் ‘வம்புக்கு இழுத்தார்’. வினைச்சொல் ஒன்றே போதும், வாசகர் யார் பக்கம் சேர வேண்டும் என்று சொல்லிவிடும்.

மலாக்காவில் நடந்தது

தொடர்ச்சி என்பதும் ஓர் அளவுகோல். 2019 அக்டோபரில் மலாக்காவின் காடேக் சட்டமன்ற உறுப்பினரும், மாநில ஆட்சிக்குழு உறுப்பினருமான ஜி. சாமிநாதன் சொஸ்மா சட்டத்தின் கீழ்க் கைதானார். விடுதலைப் புலிகள் இயக்கத்துடன் தொடர்பு என்பது குற்றச்சாட்டு. நெகிரி செம்பிலானின் ஒரு சட்டமன்ற உறுப்பினரையும் சேர்த்து மொத்தம் 12 பேர் மீது வழக்கு. நாடு முழுவதும் பேசப்பட்ட செய்தி அது. மாதக்கணக்கில் அவர்கள் தடுப்புக்காவலில் இருந்தார்கள்.

2020 பிப்ரவரி 21-இல் அரசாங்கத் தலைமை வழக்கறிஞர் டோமி தோமஸ், தண்டனை பெற்றுத் தரும் அளவுக்கு வழக்கில் வலுவில்லை என்று கூறி 12 பேர் மீதான குற்றச்சாட்டுகளையும் கைவிட்டார். மூன்றே நாளில், பிப்ரவரி 24-இல், பிரதமர் மகாதீர் பதவி விலகினார். நாடு முழுவதும் அந்தப் பேச்சில் மூழ்கியது. கைதைப் பற்றிக் கேள்விப்பட்ட உங்கள் அண்டை வீட்டாரிடம், வழக்கு எப்படி முடிந்தது என்று கேட்டுப் பாருங்கள். சரியாகச் சொல்ல முடியாதவர்கள் பலர் இருப்பார்கள். குற்றச்சாட்டுக்கு எவ்வளவு இடம் கொடுத்ததோ, அதில் பாதியாவது விடுவிப்புக்கும் கொடுத்ததா? ஒரு பத்திரிகையின் நேர்மையை இந்தக் கேள்வியால் அளக்கலாம். அந்த மனிதரின் கட்சி உங்களுக்குப் பிடித்ததா இல்லையா என்பது இங்கே பொருட்டல்ல.

கைப்பேசிக்கு மாறினால் தீருமா?

“எல்லாப் பேப்பரும் சாய்வு, நான் புலனத்தில் பார்த்துக்கொள்கிறேன்” என்போர் இப்போது அதிகம். 1999-இல் ‘மலேசியாகினி’ வந்தபோது இணையம் உண்மையாகவே ஒரு கதவைத் திறந்தது. அச்சு அனுமதி தேவைப்படாததால், நாளிதழ்கள் தொடத் தயங்கிய செய்திகளை அது வெளியிட்டது. ஆனால் மலேசியாகினிக்கு முகவரி உண்டு, ஆசிரியர் உண்டு, தவறு செய்தால் நீதிமன்றம் ஏற வேண்டிய பொறுப்பும் உண்டு. 2021-இல் வாசகர்கள் பதிவிட்ட கருத்துகளுக்காக அதற்கு 5 லட்சம் ரிங்கிட் அபராதம் விதிக்கப்பட்டது. ஆதரவாளர்கள் சில மணி நேரத்திலேயே அந்தத் தொகையைத் திரட்டிக் கொடுத்தார்கள்.

புலனத்தில் வரும் குரல் பதிவுக்கு அப்படி யார் பொறுப்பு? 2021 நவம்பர் 20-இல் மலாக்கா சட்டமன்றத் தேர்தல் நடந்தபோது, கோவிட் காரணமாகப் பிரசாரக் கூட்டங்களுக்குத் தடை இருந்தது. வேட்பாளரை நேரில் பார்த்துக் கேள்வி கேட்கும் வாய்ப்பு குறைந்ததால், வாக்காளர்கள் தொலைக்காட்சியையும் பத்திரிகையையும் கைப்பேசியையும் நம்ப வேண்டியிருந்தது. 28 தொகுதிகளில் தேசிய முன்னணி 21-இல் வென்றது. காடேக் தொகுதி ம.இ.கா.வுக்குப் போனது. அந்தச் சில வாரங்களில் நமக்கு வந்த பதிவுகளில் எத்தனை யாரிடமிருந்து கிளம்பின என்று நமக்குத் தெரியும்? பத்திரிகையின் சாய்வுக்குப் பெயரும் முகவரியும் இருக்கிறது. கைப்பேசியில் வருவதற்குப் பெரும்பாலும் அவை இல்லை.

பத்திரிகையே இல்லாமல் போவதும் தீர்வாகாது. 95-ஆம் ஆண்டை நெருங்கிய தமிழ் நேசன் நட்டம் தாங்காமல் 2019 ஜனவரி இறுதியோடு நின்றுபோனது. அதன் அரசியலோடு ஒத்துப்போகாதவர்களும் அன்று வருந்தினார்கள். நேசனும் ஓசையும் மோதிக்கொண்ட காலத்தில், ஒன்று மறைத்ததை மற்றொன்று போட்டது. இரண்டையும் படித்தவருக்கு நடந்தது ஓரளவு புரிந்தது. பத்திரிகைகளின் எண்ணிக்கை குறையக் குறைய, மறைப்பது எளிதாகிறது.

நாம் செய்யக்கூடியவை

முதலாவதாக, நாம் படிக்கும் பத்திரிகை யாருடையது என்று தெரிந்துகொள்வோம். தெரிந்தபின் அதை ஒதுக்க வேண்டியதில்லை. அதன் உரிமையாளர் சம்பந்தப்பட்ட செய்திகளை மட்டும் கூடுதல் கவனத்தோடு படித்தால் போதும்.

இரண்டாவதாக, முக்கியமான செய்தியை இரண்டு இடங்களில் பார்ப்போம். முடிந்தால் ஒன்று வேறு மொழியில் இருக்கட்டும். இரண்டிலும் ஒத்துப்போகும் பெயர், தேதி, தொகையை முதலில் எடுத்துக்கொள்வோம். கருத்தைப் பிறகு பார்க்கலாம்.

மூன்றாவதாக, நமக்குப் பிடித்த கட்சியைப் புகழும் செய்தியையும் இதே கண்ணோடு படிப்போம். திட்டும் செய்தியில் மட்டும் சாய்வைத் தேடுவோருக்கும் ஒரு சாய்வு உண்டு.

நான்காவதாக, நம் செய்தியை நாமே அனுப்புவோம். தோட்டத்தில் தண்ணீர் வராவிட்டால், பள்ளிக் கூரை ஒழுகினால், எங்கே, எப்போது முதல், எத்தனை குடும்பம், யாரிடம் எப்போது மனு கொடுத்தோம் என்று எழுதி, படத்தோடு ஒன்றுக்கு மேற்பட்ட பத்திரிகைகளுக்கு அனுப்பலாம். தலைவர்களின் உதவியாளர்கள் செய்வது அதுதான். ஆலய நிர்வாகமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் அதற்கென ஒருவரை நியமித்தாலே பெரிய மாற்றம் வரும்.

ஐந்தாவதாக, தவறான செய்தி வந்தால் கடையில் திட்டுவதோடு நிறுத்தாமல் ஆசிரியருக்கு எழுதுவோம். 2025-இல் மலேசிய ஊடக மன்றச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. ஊடகங்களுக்கான நெறிமுறையை வகுப்பதும், பொதுமக்களின் புகார்களைக் கவனிப்பதும் அந்த மன்றத்தின் பணிகள். தமிழ் வாசகர்களிடமிருந்தும் புகார்கள் போனால்தான் தமிழ்ப் பத்திரிகைகளையும் அது கவனிக்கும்.

கடைசியாக ஒன்று. விலை கொடுத்து வாங்கும் வாசகர்கள் குறைந்தால், அந்த இடத்தை நிரப்பப் பத்திரிகை தலைவர்களின் வாழ்த்து விளம்பரத்தைத்தான் நாடும். ஒரே பத்திரிகையைப் பத்துப் பேர் இரவல் வாங்கிப் படித்துவிட்டு, அது தலைவருக்குச் சாய்கிறது என்று குறைப்பட்டுப் பயனில்லை. நடுநிலையான பத்திரிகை வேண்டும் என்றால், அதன் செலவில் ஒரு பகுதியை வாசகரும் ஏற்கத்தான் வேண்டும்.